ஒன்றுவிட்ட உறவு

ஹெர்பேரியத்தில் என் வேலை பசை தடவுவது.
படித்தவர்கள் மனம் மாறும்போதெல்லாம்
லீமாவிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும்.
பழைய பெயரைக் கிழிக்கக் கூடாது,
பக்கத்தில் புதியதை ஒட்ட வேண்டும்.
ஒரே தாளில் ஐந்து பெயர் பார்த்திருக்கிறேன்,
ஐந்து ஊரில் கடன் வாங்கியவனைப் போல.
செடி மட்டும் அதே செடி,
நடுவில் சருகாய்ப் படுத்திருக்கும்.

இன்று மான்கொம்புப் பெரணி.
சேகரித்தவர்: ஆர்த்திதோரோ துவானாமா.
இடம்: சிசா ஆற்றின் மேற்கரை.
உயரம்: தரையிலிருந்து இருபத்திரண்டு மீட்டர்.
குறிப்பு என்ற கட்டத்தில் பென்சிலால்
எறும்பு கடித்தது. நிறைய.

அவர் ஏறிப் பார்த்த மரத்தில்
அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம்,
ஒன்றின் வேரிலிருந்து மற்றொன்று முளைத்துப்
பதினேழு செடிகள்.
ஒண்டுக்குடித்தனம்தான்.
வாடகை கிடையாது, திருட்டும் கிடையாது.
மரத்தின் சாற்றில் ஒரு சொட்டுக் கேட்பதில்லை.
ஒரு வகை இலை கேடயமாய்ப் பட்டையோடு அப்பி
மேலிருந்து விழுவதையெல்லாம் ஏந்தி
மக்கவிட்டு மண்ணாக்கும்.
காணி இல்லாதவன்
அந்தரத்தில் சேர்த்த காணி.
மற்ற இலை கொம்பாய்க் கிளைத்துத் தொங்கி
பழுப்புத் தூளைக் காற்றுக்குக் கொடுக்கும்.

சீட்டோடு எலியானா வில்கப்போமாவின் கடிதம்.
நாலே எழுத்துள்ள மொழியில்
செடி தன்னைப் பற்றி எழுதிவைத்ததை
அவள் இயந்திரத்தில் வாசித்திருக்கிறாள்.
அதே கிளையில் அதன் தோளில் இடிக்கும் பெரணிகள்
பக்கத்து வீட்டார், அவ்வளவுதான்.
இந்தப் பேரினத்தில்
அமெரிக்கா முழுமைக்கும் இது ஒன்றே ஒன்று.
நெருங்கிய சொந்தமெல்லாம்
ஆப்பிரிக்காவில், மடகாஸ்கரில்.

ஒன்றுவிட்ட உறவு.
விட்டது என்னவோ
ஒரே ஒரு கடல்.

எப்படி வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.
கண்டங்கள் பிரிந்தது
வெகு முன்னால் என்கிறது கணக்கு.
கண்ணுக்கு எட்டாத தூள், ஒரு பெருங்காற்று,
இந்தப் பக்கம் ஈரமான ஏதோ ஒரு பட்டை.
இப்படித்தான் இருக்கும் என்கிறாள்,
"தான்" என்பதை அடித்துவிட்டு.

அதற்கும் முன்னால், எழுதுகிறாள்,
பூக்கும் மரங்கள் எழும்பித் தரையை இருட்டாக்கியபோது
பெரணிகள் செத்துப்போயிருக்க வேண்டும்.
மங்கல் வெளிச்சத்தை உணரும் ஒரு மரபணுவை
பாசிபோல் தரையில் படரும் வேறொரு குலத்திடமிருந்து
எப்போதோ பெற்றுவைத்திருந்தன.
தாய்வழியும் இல்லை, தந்தைவழியும் இல்லை.
உயிலில் எழுதாமல்
பக்கவாட்டில் வந்து சேர்ந்த சொத்து.
அதை வைத்துக்கொண்டு நிழலில் பிழைத்தன,
சில மரமேறின.

கடிதத்தின் கடைசியில் ஒரு மரம் வரைந்திருந்தாள்.
இலை இல்லை, கோடுகள் மட்டும்.
கிளை பிரியும் கணுவில் ஓர் எண்: எழுபத்தொன்று.
நூற்றுக்கு என்று வைத்துக்கொள், நம்பலாம், என்றிருந்தாள்.
என் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கு
நான் அவ்வளவு கொடுக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆர்த்திதோரோ வந்தார்.
அந்த மரம் போய்விட்டது.
கொக்கோ போட வெட்டிவிட்டார்கள்.
விழுந்த மரத்திலிருந்து வளையத்தைத் துண்டோடு அறுத்து
கழுதைமேல் ஏற்றிக்கொண்டுவந்து
தன் கொல்லை குவாபா மரத்தில்
பழைய சைக்கிள் டியூபால் கட்டியிருக்கிறாராம்.
பதினேழில் ஒன்பது பச்சையாக இருக்கிறதாம்.

நான் படத்தைக் காட்டினேன்.
சொந்தக்காரர்கள் ஆப்பிரிக்காவில் என்றேன்.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்து
நெடுநேரம் அந்தக் கோடுகளைப் பார்த்தார்.
"அங்கேயும் எறும்பு கடிக்குமா?"

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவர் போனபின் சீட்டை ஒட்டினேன்,
சற்றுக் கோணலாக.
பசை காய்வதற்குள் கண்ணில் பட்டது:
கேடய இலைக்கடியில்
தட்டையாய், ஆறு காலும் விரித்து
ஓர் எறும்பு.
அதற்குச் சீட்டு இல்லை.